பழைய பேனா கைக்கு வந்த முதல் வாரம்

இழுப்பறையின் மூலையிலோ டிரங்குப் பெட்டியின் அடியிலோ நாற்பது ஐம்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த மை பேனா, அத்தனை ஆண்டுகளில் அடையாத சேதத்தை, மறுபடி ஒருவர் கையில் அகப்பட்ட முதல் நாள் மாலையிலேயே அடைந்துவிடுகிறது. பத்திர எழுத்தராக இருந்த என் தாத்தாவின், எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன கறுப்புப் பேனா எனக்குக் கிடைத்தபோது, உள்ளே இறுகிப்போயிருந்த மையைக் கரைக்கும் ஆவலில் அதை அப்படியே ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மை கரைந்திருந்தது. கூடவே கறுப்பும் போயிருந்தது. பழம்புளியின் நிறத்தில், மேற்பரப்பு சொரசொரத்து, கந்தக வாடையுடன் கிடந்த அந்தப் பேனா இன்றும் நன்றாகவே எழுதுகிறது. ஆனால் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த டம்ளர் நினைவுக்கு வருகிறது.

புதிதாகப் பழைய பேனாக்களையும் பென்சில்களையும் சேர்க்கத் தொடங்குபவர்கள் எதை வாங்குவது என்று கேட்கிறார்கள். வாங்கியதை எந்த வரிசையில் கையாள்வது என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் பார்ப்பது, பிறகு தண்ணீர், அதன் பிறகு மை, எல்லாம் முடிந்த பிறகே நிப்பு என்பதுதான் அந்த வரிசை. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: பேனாவைக் கண்டதும் நிப்பைக் காகிதத்தில் அழுத்திக் கிறுக்கிப் பார்க்கிறோம், எழுதாவிட்டால் உதறுகிறோம், அதற்கும் மசியாவிட்டால் இடுக்கியைத் தேடுகிறோம்.

தொடக்கம் வீட்டிலிருந்து

முதல் பேனாவை விலைக்கு வாங்காதீர்கள். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பள்ளி ஆசிரியராகவோ கணக்குப்பிள்ளையாகவோ அரசு ஊழியராகவோ இருந்தவர் வீட்டில் ஒன்றிரண்டு பேனாக்கள் கட்டாயம் எங்காவது கிடக்கும். அப்படிக் கிடைப்பவை நம் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை.

முதலாவது, எபோனைட் கம்பியைக் கடைசல் எந்திரத்தில் கடைந்தெடுத்த உள்நாட்டுப் பேனா. ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1930களில், உள்நாட்டிலேயே செய்த பொருள் வேண்டும் என்ற காந்தியின் விருப்பத்தையொட்டி உருவானது. சென்னைப் பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ நிறுவனத்தின் காமா பேனாக்களும், பின்னர் திருவள்ளூரில் உருவான ரங்கா பேனாக்களும் இதே மரபில் வந்தவை. பெயரே பொறிக்காமல் சிறு பட்டறைகளில் கடைந்து விற்றவையும் ஏராளம்.

இரண்டாவது, சீனாவின் ஹீரோ. பர்மா பஜாரில் வெளிநாட்டுச் சரக்காக விற்ற இந்தப் பேனாவை வைத்திருந்தது ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பெருமை. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி மூக்குப் போன்ற உறைக்குள் ஒளிந்திருக்கும் ஹீரோ 616, அமெரிக்காவின் பார்க்கர் 51 பேனாவின் தோற்றத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. அந்தப் பார்க்கர் 51தான் மூன்றாவது. 1941இல் விற்பனைக்கு வந்து 1970களின் தொடக்கம் வரை தயாரான அது, சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த உறவினர் கொடுத்ததாக, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றப்பட்டு, எழுதப்படாமலேயே பீரோவில் இருக்கும்.

புதியவர்களுக்கு இம்மூன்றில் நான் முதலில் சொல்வது எபோனைட் பேனா. அதில் கெட்டுப்போகும் உறுப்புகளே கிடையாது. குழாய், கழுத்து, நிப்பு, நிப்பைத் தாங்கும் அடிக்கட்டை, மூடி என்று ஐந்து துண்டுகளோடு கதை முடிந்துவிடுகிறது.

மை எங்கே தங்குகிறது என்று பாருங்கள்

பேனாவைக் கழுவுவதற்கு முன், அதற்குள் மை எப்படிப் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கழுத்தைத் திருகினால் மரை கழன்று, குழாய் வெறுமையாக, உள்ளே எந்த உறுப்பும் இல்லாமல் இருந்தால், அது இங்க் பில்லரால் நேரடியாக மை ஊற்றும் பேனா. உள்ளே ஓர் உலோக உறையும் அதன் பக்கவாட்டில் அழுத்தும் பட்டையும் தெரிந்தால், நிப்பை மையில் முக்கி அழுத்தி அழுத்தி உறிஞ்சவைக்கும் பேனா. 1948க்குப் பிந்தைய பார்க்கர் 51களும் ஹீரோ 616உம் இவ்வகை. குழாயின் வெளிப்புறத்தில் நகத்தால் தூக்கும்படி ஒரு சிறு உலோக நெம்புகோல் படுத்திருந்தால், உள்ளே ரப்பர் பை இருக்கிறது என்று பொருள். ஷேஃபர் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெறச் செய்த முறை இது. குழாயின் பின்முனையைத் திருகினால் உள்ளே தண்டு மேலும் கீழும் போனால், அது பிஸ்டன் வகை. ஜெர்மனியின் பெலிக்கன் 1929 முதல் பின்பற்றிய முறை.

இவற்றில் நெம்புகோல் வகையிடம் மட்டும் கூடுதல் பயபக்தி வேண்டும். ஐம்பது அறுபது ஆண்டுகளில் உள்ளே இருக்கும் ரப்பர் பை காய்ந்து வற்றல் போல இறுகியிருக்கும். அந்த நிலையில் நெம்புகோலை வலிந்து தூக்கினால் பை நொறுங்குவதோடு, நெம்புகோல் பொருந்தியிருக்கும் இடத்தில் குழாயும் விரிசல் விடும். மெல்லத் தூக்கிப் பாருங்கள். எதிர்ப்பு தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். புதிய லேடெக்ஸ் பை விலை குறைவு. அதன் எண் அங்குலத்தின் 64இல் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும், ஆகவே 16ஆம் எண் பையின் குறுக்களவு கால் அங்குலம். பையை ஒட்டுவதற்கு அரக்குக் கரைசலைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பை கெடும்போது, இலேசான சூட்டில் அரக்கு இளகி இடம் கொடுக்கும். அவசரத்துக்குக் கடைகளில் கிடைக்கும் ‘குயிக்’ பசையால் ஒட்டியவர், தனக்குப் பின் வருபவருக்கு அந்தப் பேனாவைச் செத்த பொருளாகத் தருகிறார்.

எந்தப் பொருளால் ஆனது

அடுத்ததாகப் பேனாவின் உடல் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கட்டைவிரலால் சில நொடிகள் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தீக்குச்சி வாடை, அதாவது கந்தக வாடை அடித்தால் எபோனைட். ரப்பரோடு அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கி இறுக்கிய பொருள் அது. வெயிலும் ஈரமும், எல்லாவற்றுக்கும் மேலாக வெந்நீரும், மேற்பரப்பில் இருக்கும் அந்தக் கந்தகத்தை மாற்றிக் கறுப்பைப் பழுப்பாக்கிவிடும். என் தாத்தாவின் பேனாவுக்கு நேர்ந்தது அதுதான்.

கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. 1920களிலிருந்து அமெரிக்க, ஐரோப்பியப் பேனாக்களுக்குப் பளிங்கு போன்ற வண்ண வரிகளைக் கொடுத்தது இதுவே. எளிதில் தீப்பற்றும் என்பதால் இதன் அருகில் மெழுகுவர்த்தியோ லைட்டரோ கூடாது. எந்த வாடையும் இல்லாமல் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது வேறு பிளாஸ்டிக். பார்க்கர் 51 அக்ரிலிக்கால் ஆனது, ஆகவே இன்றும் நேற்று வாங்கியது போல மின்னுகிறது. எதனால் ஆனதென்று முடிவுக்கு வர இயலாவிட்டால் எல்லாவற்றையும் எபோனைட்டாகவே பாவித்துக்கொள்ளுங்கள். சூடாக்காத தண்ணீர், சிறிது நேரம், நிப்புப் பகுதி மட்டும் என்ற கட்டுப்பாடு எந்தப் பேனாவுக்கும் தீங்கு செய்யாது. சாராயக் கரைசல், நகச்சாயம் அகற்றும் திரவம், தின்னர் ஆகியவற்றை எந்தப் பேனாவின் அருகிலும் கொண்டுவராதீர்கள்.

தண்ணீர் வைத்தியம்

ஒரு சிறு கிண்ணத்தில் நிப்பும் கழுத்தும் மட்டும் மூழ்கும் அளவுக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்கும் தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. கால் மணி நேரம் ஊறவைத்து எடுத்து, மென்துணியால் ஒற்றி, தண்ணீரை மாற்றி மீண்டும் ஊறவைக்க வேண்டும். முதலில் கருநீல நூல்கள் போல மை இறங்கும்; அந்தக் காட்சிக்காகவே சிலர் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நான்கைந்து முறை மாற்றிய பிறகும் நிறம் இறங்கினால், தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து ஒரு முறை கழுவி, பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அழுத்தி உறிஞ்சும் பேனாவாக இருந்தால், நிப்பைத் தண்ணீருக்குள் வைத்துப் பட்டையை அழுத்தும்போது குமிழி வர வேண்டும். விடும்போது தண்ணீர் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் பேனா உயிரோடு இருக்கிறது.

இந்த வேலை ஒரே மாலையில் முடிய வேண்டியதில்லை. இரண்டு நாள், மூன்று நாள் ஆகட்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நிப்பு கீழே பார்க்கும்படி, மடித்த பழைய பருத்தித் துணி வைத்த டம்ளரில் நிறுத்திவைத்தால் உள்ளே எஞ்சிய ஈரம் துணிக்கு இறங்கிவிடும்.

எபோனைட் பேனாவில் கழுத்து குழாயோடு இறுகிப் போயிருப்பது வழக்கமான தொல்லை. மரையில் உலர்ந்த மை பசை போல நிற்கும். இடுக்கி வேண்டாம். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத் துண்டுகள் இரண்டை வெட்டி, ஒன்றைக் கழுத்திலும் மற்றதைக் குழாயிலும் சுற்றிக்கொண்டு திருகினால், வெறும் கையால் கிடைக்காத பிடி கிடைக்கும். அப்போதும் அசையாவிட்டால் இணைப்பில் மட்டும் ஒரு துளித் தண்ணீர் விட்டு, மறுநாள் முயலுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டையும் காட்டலாம், ஆனால் கையில் பொறுக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. செல்லுலாய்டு என்ற ஐயம் இருந்தால் அதுவும் கூடாது. பார்க்கர் 51இன் மூக்கு உறையைக் கழற்றும் எண்ணமே முதல் ஆண்டில் வர வேண்டாம். அது உட்புறம் அரக்கால் அடைக்கப்பட்டிருக்கும். கழற்றாமலேயே அதைக் கழுவிவிட முடியும்.

மையும் கசிவும்

தண்ணீர் தெளிவாக இறங்கிய பிறகு மை ஊற்றலாம். முதல் மையாக, கழுவினால் போகும் சாதாரண நீல மை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் வந்த பார்க்கர் குவிங்க் ஆனாலும், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கேமல் ஆனாலும் சரி. ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கில் அரக்கு போன்ற பசை இருப்பதால், அது உலர்ந்தால் பேனாவின் நுண்குழாய்கள் அடைபட்டு மீளாது. மினுமினுக்கும் துகள் கலந்த புதுவகை மைகள் புதுப் பேனாக்களுக்கானவை.

நேரடியாக மை ஊற்றும் பேனாவில் மரை வழியே கசிவு வருவது உண்டு. முன்பெல்லாம் நூலைச் சுற்றினார்கள், பாலித்தீன் துண்டை வைத்துத் திருகினார்கள். இன்று சிலிக்கான் கிரீஸ் கிடைக்கிறது. குண்டூசித் தலையளவு எடுத்து மரை முழுவதும் தடவித் திருகினால் போதும். வாசலின் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது ரப்பரைக் கெடுக்கும்.

ஆனால் பேனா கக்குவது வேறு விஷயம். அதற்கு மரையைக் குறை சொல்லிப் பயனில்லை. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு சொட்டு மை நிப்பிலிருந்து விழுவதைத்தான் கக்குதல் என்கிறோம். குழாயில் மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. கைச் சூட்டில் அந்தக் காற்று 5 டிகிரி சூடேறினால், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு கூடும். குழாயில் 3 மில்லிலிட்டர் காற்று இருந்தால் அந்தக் கூடுதல் 0.05 மில்லிலிட்டர், அதாவது சரியாக ஒரு சொட்டு. அந்தச் சொட்டுதான் விடைத்தாளிலும் சட்டைப் பையிலும் விழுந்தது. குழாயில் மூன்றில் ஒரு பங்கு மை இருக்கும்போதே மறுபடி நிரப்பிவிட்டால் காற்றுக்கு இடமே இருக்காது. எபோனைட் சூட்டை மெதுவாகக் கடத்துவதாலும் அதன் சுவர் தடிமனாக இருப்பதாலும், பிளாஸ்டிக் பேனாவைவிட அது குறைவாகவே கக்கும். பள்ளி நாட்களில் கக்கிய மையை நாம் தலைமுடியில் துடைத்துக்கொண்டோம்; இப்போது மேசை மீது ஒரு பருத்தித் துணி இருக்கட்டும்.

கடைசியில் நிப்பு

இவ்வளவும் முடிந்து மை ஊற்றி எழுதிப் பார்த்த பிறகுதான் நிப்பைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். கழுவாத நிப்பு கீறுவதுபோலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் மை ஓடாததுதான். மை ஓடத் தொடங்கியதும் பாதிக் கீறல் தானாக மறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு கருவி தேவை: நகை பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ். வெளிச்சத்தில் நிப்பை நேருக்கு நேர் பிடித்து அதன் வழியே பாருங்கள். நுனியில் கடுகைவிடச் சிறிய ஓர் உலோக மணி, நடுவில் பிளவோடு, இரண்டு அரைமணிகளாகத் தெரியும். நிப்பில் ‘இரிடியம்’ என்று பொறித்திருந்தாலும் அது ஆஸ்மியம், ருத்தேனியம் முதலிய கடின உலோகங்களின் கலவையாக இருப்பதே அதிகம். இரண்டு அரைமணிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று சற்றே தூக்கியிருந்தால், அந்தப் பக்கத்து விளிம்புதான் காகிதத்தைக் கீறுகிறது. தூக்கியிருக்கும் பக்கத்தை விரல் நகத்தால், மூச்சுவிடும் அளவு அழுத்தத்தில் கீழே தள்ளி, எடுத்து, மறுபடி லென்ஸில் பாருங்கள். பத்து முறை சிறிதாகத் தள்ளலாம். ஒரே முறை பெரிதாகத் தள்ளியவர்கள் நிப்பை மடக்கிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். பிளவுக்குள் பிளேடை விட்டு ஆட்டும் பழைய வைத்தியத்தையும், கண்ணாடியிலோ தரையிலோ தேய்க்கும் வைத்தியத்தையும் தவிர்த்துவிடுங்கள். முதலாவது பிளவை அகட்டி மையைக் கொட்டவைக்கும், இரண்டாவது அந்த உலோக மணியையே தின்றுவிடும். மணி தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தால் வேறு நிப்பு மாட்டிக்கொள்வதே வழி.

மட்டமும் சரி, மணியும் சரி, இருந்தும் உங்கள் கையில் மட்டும் கீறுகிறது என்றால், நிப்பு முன்னவர் கைக்குப் பழகியது என்று கொள்ளுங்கள். பேனாவை இரவல் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே சாய்வில் எழுதியவரின் நிப்பில் அந்தச் சாய்வுக்கு ஏற்ற ஒரு பட்டை விழுந்திருக்கும். பேனாவை விரலுக்குள் சிறிது சிறிதாக உருட்டி எழுதிப் பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும்; அதுதான் முன்னவர் பிடித்த பிடி. என் தாத்தாவின் நிப்பு என்னுடைய வழக்கமான பிடியைவிட இடப்பக்கம் சற்று உருண்டிருந்தால்தான் எழுதுகிறது. அதைத் தீட்டி என் கைக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

வெளியில் வாங்கும்போது

ஒன்றிரண்டு பேனாவைச் சொந்தமாகக் கழுவி எழுதவைத்த பிறகு சந்தைக்குப் போகலாம். புதுச்சேரியின் ஞாயிறு சந்தையிலும், 1985 தீ விபத்துக்குப் பிறகு சென்னை மூர் மார்க்கெட் கடைகள் இடம்பெயர்ந்த அல்லிக்குளம் வளாகத்திலும், பழைய கடிகாரங்களுக்கும் நாணயங்களுக்கும் நடுவில் பேனாக்கள் தலைகாட்டுவது உண்டு. இதைவிட நல்ல வேட்டைக்களம், மூடப்போகும் பழைய ஸ்டேஷனரிக் கடையின் மேல்தட்டு. விற்காமல் தங்கிப்போன சரக்கு அட்டைப்பெட்டியோடு அங்கே கிடைக்கும்.

கையில் எடுத்ததும் மூடியின் உதட்டைப் பாருங்கள். மயிரிழை விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அடுத்து மூடியும் உடலும் ஒரே பேனாவினுடையவையா என்று பாருங்கள். நிறத்தில் சிறு வேறுபாடு, திருகும்போது பொருந்தாத மரை ஆகியவை இரண்டு பேனாக்களிலிருந்து ஒட்டுப்போட்டதைக் காட்டிக்கொடுக்கும். எழுதுவதற்கு மட்டும் வாங்குபவருக்கு ஒட்டுப்போட்ட பேனாவால் நஷ்டமில்லை, விலை அதற்கேற்ப இருந்தால் சரி. தங்க நிப்பு என்று சொன்னால் நிப்பின் மீது 14 கேரட் என்ற குறியோ, ஆயிரத்தில் 585 பங்கு தங்கம் என்பதைச் சொல்லும் 585 என்ற எண்ணோ இருக்க வேண்டும். மஞ்சளாக மின்னுவது மட்டும் சான்றாகாது. ஒரு வியாபாரி பார்க்கர் என்று சத்தியம் செய்து கொடுத்த பேனாவை வீட்டுக்கு வந்து கழுவியபோது, கிளிப்பில் பார்க்கரின் அடையாளமாக இருந்த அம்பு முலாமோடு சேர்ந்து உரிந்து வந்த அனுபவம் எனக்கு உண்டு. லென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அதை எடுக்கக் கூச்சப்பட்டது என் தவறு.

ஹீரோவில் போலிகள் மிக அதிகம், ஆனால் அவற்றின் விலையும் மிகக் குறைவு என்பதால் நான் அதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. நன்றாக எழுதினால் வைத்துக்கொள்ளுங்கள்.

பென்சில் வேறு கணக்கு

பேனா எழுதுவதால் குறைவதில்லை. பென்சிலோ ஒவ்வொரு முறை சீவும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறது. ஆகவே பழைய பென்சில்களில் எப்போதும் இரண்டாக வாங்குங்கள், ஒன்றைச் சீவுங்கள், ஒன்றை வையுங்கள். சீவாத பென்சிலுக்குச் சேகரிப்பாளர்களிடம் இருக்கும் விலை சீவியதும் சரிந்துவிடும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

அமெரிக்காவின் எபர்ஹார்ட் ஃபேபர் 1934 முதல் தயாரித்த பிளாக்விங் 602 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பின்முனையில் தட்டையான உலோகப் பிடிக்குள், வேண்டும்போது நீட்டிக்கொள்ளும் ரப்பர் இருந்தது. அந்தப் பிடிக்கான உலோகக் கவ்வியைச் செய்யும் எந்திரம் பழுதானபோது அதைச் சரிசெய்ய யாரும் முனையவில்லை. கையிருப்பு தீர்ந்ததும் 1998இல் பென்சிலே நின்றுபோனது. அதன் பிறகு பழைய பென்சில் ஒன்றுக்கு 40 டாலர் வரை கொடுத்தார்கள். 2010இல் வேறொரு நிறுவனம் அதே பெயரில் மீண்டும் கொண்டுவந்தது. புதியதைப் பழையது என்று விற்பவர்களிடம் கவனம் தேவை.

அவ்வளவு செலவழிக்கத் தேவையே இல்லை. 1958இல் தொடங்கிய இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனத்தின் நடராஜ் பழைய அட்டைப்பெட்டியோடு கிடைத்தால் அதுவே நல்ல தொடக்கம். வெளிநாட்டுப் பென்சிலில் 1889 முதல் வரும் மஞ்சள் நிறக் கோஹினூர் 1500உம், 1905 முதல் வரும் பச்சை நிற ஃபேபர் காஸ்டல் 9000உம் இன்றும் தயாராவதால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எழுதிப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

வாங்கும்போது பென்சிலை மேசையில் உருட்டிப் பாருங்கள். தள்ளாடி உருண்டால் கட்டை வளைந்திருக்கிறது, உள்ளே எழுதும் ஊசி ஒடிந்திருக்க வாய்ப்புண்டு. பின்முனை ரப்பர் கல்லாகியிருக்கும். அதைக் கொண்டு அழித்தால் காகிதம் கிழியும், ஆகவே அழகுக்கு மட்டும் விட்டுவிடுங்கள். பழைய பென்சிலைச் சீவ ஷார்ப்னர் வேண்டாம், கூரான சிறு கத்தியே நல்லது. கட்டையை மட்டும் நீளமாகச் சீவிவிட்டு, ஊசியைத் தனியாக உப்புத்தாளில் உருட்டிக் கூராக்கினால் வீணாகும் நீளம் குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ரயில்வே, தபால் அலுவலகங்களில் ஒரு காலத்தில் புழங்கிய காப்பியிங் பென்சிலின் ஊசியில் அனிலின் சாயம் கலந்திருக்கும். ஈரம் பட்டதும் ஊதா மையாக மாறும். முன்னோர் நாக்கில் தொட்டு எழுதினார்கள் என்பதற்காக நீங்களும் தொடாதீர்கள், அது நஞ்சு. இரண்டாவது, பழைய உலோகத் திருகு பென்சில்களுக்கு இன்றைய 0.5 அல்லது 0.7 மில்லிமீட்டர் ஊசி பொருந்தாது. பெரும்பாலானவற்றுக்கு 1.18 மில்லிமீட்டர் ஊசியும், சிலவற்றுக்கு 0.9உம் தேவை. இது தெரியாமல் மெல்லிய ஊசியைத் திணித்து, உள்ளே ஒடித்து, பென்சில் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு. ஒடிந்த துண்டை முன்பக்கத் துளை வழியே மெல்லிய கம்பியால் தள்ளினால் வந்துவிடும்.

எழுதாத நாட்களில்

ஒரே நேரத்தில் இரண்டு பேனாக்களுக்கு மேல் மை நிரப்பி வைக்காதீர்கள். மூன்றாவதை எடுக்க ஆசை வந்தால் முதலாவதைக் கழுவிக் காயவைத்த பிறகே எடுங்கள். ஒரு வாரம் தொடாத பேனாவில் மை உலர்ந்து, மறுபடி தண்ணீர் வைத்தியத்துக்கே வந்து நிற்போம். காயவைத்த பேனாக்களை வெயில் படாத இழுப்பறையில், ஒன்றோடொன்று உரசாமல், பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். செல்லுலாய்டு பேனாவைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது. அது தானே வெளிவிடும் ஆவி அதையே அரிக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். ரப்பர் பேண்டால் பேனாக்களைக் கட்டி வைக்காதீர்கள். வெள்ளியையும் முலாமையும் அது கறுப்பாக்கும். கடலோர ஊர்களில் பென்சில் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் பூஞ்சை அண்டாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பேனா ஒன்றுக்கு ஒரு பக்கம் என ஒதுக்குங்கள். எங்கே, எப்போது, யாரிடமிருந்து வந்தது, என்ன விலை, எந்த மை, எந்த நாளில் கழுவினோம் என்பவற்றை அந்தந்தப் பேனாவாலேயே அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அதே பேனாவை நிரப்பும்போது, முன்பு எழுதிய வரியின் கீழேயே இன்னொரு வரி எழுதினால், நிப்பு அகன்றிருக்கிறதா, மை ஓட்டம் குறைந்திருக்கிறதா என்பது இரண்டு வரிகளையும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.